சிவப்பு எச்சரிக்கைத் திரை: வாசிகசாலைத் தளத்தைச் சீராக்க உதவி தேவை

வணக்கம். களுவாஞ்சிகுடியில் எமது வாசிகசாலைக்கென நடத்திவரும் வேர்ட்பிரஸ் இணையத்தளத்தைக் குரோமிலோ பயர்பொக்ஸிலோ திறந்தால், கடந்த வாரத்திலிருந்து சிவப்பு எச்சரிக்கைத் திரையே தோன்றுகிறது. இரண்டு உலாவிகளும் கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ எனும் ஆபத்தான தளங்களின் பட்டியலைப் பார்ப்பதால், காரணம் ஒன்றுதான் என்பது விளங்குகிறது. முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து, எச்சரிக்கையைக் கடந்து சென்றால் பக்கம் ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் கூகுள் தேடல் முடிவைத் தொட்டு வருபவர்களை மட்டும், பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் ஏதோவொரு பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. (சாதாரண தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள் தேடிவரும் பிள்ளைகளுக்கு நல்ல பரிசுதான்!)

வருபவர்களை எப்பக்கத்துக்கு அனுப்புவது என்று சேவையகத்துக்குச் சொல்லக்கூடிய எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில் இருந்த அந்நிய வரிகளை அழித்தோம். மறுநாளே அவை மீண்டும் முளைத்துவிட்டன. வேறெங்கோ ஒளிந்திருக்கும் கோப்பொன்று அவற்றைத் திரும்ப எழுதுகிறது போலும். அதை எந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும்? முழுமையாகத் துப்புரவாக்காமல் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சேர்ச் கொன்சோலில் மீளாய்வு கோரிப் பயனில்லை என்பதால், இன்னும் விண்ணப்பிக்கவில்லை. எட்ஜ் உலாவி மைக்ரோசொஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிறீன் என்ற எச்சரிக்கைச் சேவையையே நம்புவதால், அங்கும் தனியாக முறையிட்ட அனுபவம் உள்ளவர்கள் வழிமுறையைக் கூறுங்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இவ்வேலை தெரிந்தவர்கள் இருந்தால், கணினியுடன் நேரில் வரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.