உட்கார்ந்தாலே உதைக்கிற மாடு, அடிச்சா திருந்துமா?

கேள்வி (பாலக்கோடு பக்கம்):
தலையீத்து மாடு. சொம்போட உட்கார்ந்தாலே உதைக்குது. மாமனார் புளிய விளாரால ரெண்டு போடுவார். இப்போ விளாரைப் பார்த்தாலே நடுங்குது, உதைக்கிறதை மட்டும் விடல. பாலும் பாதியாயிடுச்சு.

பதில் (காரிமங்கலம்):
முதல்ல காம்புல வெடிப்பு, மடிவீக்கம் இருக்கான்னு பாருங்கக்கா. வலிச்சா எது சும்மா நிக்கும்? பால் குறைஞ்சதுக்கும் அடி ஒரு காரணமா இருக்கும். பயந்தா அட்ரினலின்ங்கிற ஹார்மோன் சுரந்து, மாடு பாலை அடக்கிக்கும். வலி இல்லேன்னா, உதைச்சதும் நீங்க எழுந்துடுறீங்கல்ல? அதான் அதுக்குக் கூலி. கால் ஊனி நிக்கிற வரைக்கும் மடியில இருந்து கையை எடுக்காதீங்க. நின்ன அந்த நொடியே ஒரு கை ஊறவச்ச புண்ணாக்கு. அப்புறமா கொடுத்தா எதுக்குன்னே புரியாது.

பதில் (ஊத்தங்கரை):
எப்பவாவது கிடைக்கிற கூலிதான் பழக்கத்தை லேசுல போகவிடாதுன்னு ஸ்கின்னர்ங்கிற உளவியல் அறிஞர் எலி, புறாவை வச்சே காட்டினார். நாலு நாள் உறுதியா இருந்து அஞ்சாம் நாள் எழுந்துட்டா போச்சு. என் பையன் செல்லுக்கு அழுறதும் இதே கணக்கு; பாட்டி பத்துல ஒருதரம் கொடுத்துடுவாங்க!

கேட்டவர்:
பின்காம்புல வெடிப்பு இருக்கு, டாக்டர் களிம்பு கொடுத்தார். விளாரை அடுப்புல வச்சுட்டேன். மாமனார் மூணு நாளா பேசல. அவருக்கு எந்தப் புண்ணாக்கு வைக்கிறதுன்னுதான் தெரியல.