தினமும் கட்ட ஒரே ஒரு ஓட்டோமேட்டிக் மணிக்கூடு: கொழும்புக்கு எது சரிவரும்?

வெள்ளவத்தைத் தம்பி
எல்லாருக்கும் வணக்கம். தினமும் கட்ட நல்ல ஓட்டோமேட்டிக் மணிக்கூடு (கை அசைவில தானா முறுக்கேறுறது) ஒண்டு எடுக்கப் பாக்கிறன். ஒண்டுதான் எடுப்பன், கனகாலம் கிடக்கவேணும். மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு ரெயின்ல போய்வாறது, ஒஃபிஸ் முழுக்க ஏசி, சனி ஞாயிறு கட்டமாட்டன். டிசோ பிஆர்எக்ஸ் பவர்மாட்டிக் 80, லொஞ்சின் ஸ்பிரிட் 37, டியூடர் ரேஞ்சர் மூண்டிலயும் மனம் நிக்குது. விலை வித்தியாசம் தெரியும். கூடக் குடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும்?

நிமிடமுள்
தம்பி, மூவ்மென்டை, அதாவது உள்ள ஓடுற இயந்திரத்தை, பிறகு பாப்பம். கொழும்பில மணிக்கூட்டைப் பழுதாக்கிறது வேர்வையும் உப்புக்காத்தும்தான். அந்த ரெயின் பாதை கடலோட ஒட்டித்தான் ஓடுது, கதவடியில நிண்டால் கையில உப்பு படியும். அதால முதல்ல கிறவுனை, பக்கத்தில இருக்கிற திருகுகுமிழை, பாருங்கோ. தண்ணி தாங்கிற அளவு மூண்டுக்கும் 100 மீற்றர்தான், ஆனா பிஆர்எக்ஸ் கிறவுன் இழுத்துத் தள்ளுறது, மற்ற ரெண்டும் திருகிப் பூட்டுறது. திருகிற கிறவுனை மூடேக்க முதல்ல இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கோ. புரி விழுந்தது விரலுக்குத் தெரியும், அதுக்குப் பிறகு வலப்பக்கம் பூட்டுங்கோ. நேர அழுத்தித் திருகினால் புரி அரைபட்டுப் போகும்.

ஏசியில குளிர்ந்த கண்ணாடி வெளியில வந்ததும் மங்கும். துணியால துடைச்சதும் மங்கல் போனால் பயமில்லை. துடைச்சும் போகாட்டி ஈரம் உள்ளுக்கு. ஒரு நாளும் தாமதிக்காமல் திறக்கக் குடுக்கவேணும், ஸ்டெம்மில (கிறவுனில இருந்து உள்ளுக்குப் போற தண்டில) துரு பிடிச்சால் செலவு வேற மாதிரி. சந்தேகமெண்டால் மணிக்கூட்டை 40 முதல் 45 பாகைக்குச் சூடாக்கி, கண்ணாடியில குளிர்தண்ணி ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிசம் பொறுத்துத் துடைச்சுப் பாப்பினம். உள்பக்கம் மங்கல் தெரிஞ்சால் கஸ்கட் (தண்ணி புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) விட்டிட்டுது. இதை வீட்டில செய்யாதேங்கோ, திருத்துறவரிட்டக் கேளுங்கோ.

கிழமைக்கு ஒருக்கா குழாய்த் தண்ணியில, மெல்லிய பல்துலக்கியால செயின் இணைப்புகளையும் பட்டி கொழுவுற இடத்தையும் தேயுங்கோ. 316எல் எண்ட துருப்பிடியாத உருக்கெண்டாலும் உப்பு அந்த இடுக்குகளிலதான் குழி போடும்.

தாரகை
விட்டத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரையான நீளம் (கொம்பு என்பது பட்டி பூட்டும் நீட்டல்), மணிக்கட்டின் தட்டையான மேற்பக்கத்தைத் தாண்டக்கூடாது. 40 மி.மீ. பிஆர்எக்ஸ் உங்கள் கைக்கு அந்த அளவைவிடப் பெரிதாகத் தெரியும், செயினின் முதல் இணைப்பு உடனே கீழே விழாது. அதே மணிக்கூடு 35இலும் வருகிறது, கட்டிப் பாருங்கள். அதில் இன்னொரு தொல்லை: செயின் கேஸோடு சேர்ந்த அமைப்பு, சாதாரண 20 மி.மீ. பட்டி போடமுடியாது.

இங்கே தோல்பட்டி தினப் பாவனைக்குச் சரிவராது. வேர்வை ஊறி மணக்கும், உள்பக்கம் வெடிக்கும். உருக்குச் செயின், இல்லையென்றால் எஃப்கேஎம் எனும் வேர்வை தாங்கும் ரப்பர். பின்னேரம் கை வீங்கும்போது ரேஞ்சர் செயினின் டி-ஃபிட் பூட்டை ஆயுதமில்லாமலே 8 மி.மீ. வரை தளர்த்தலாம். பெரிய வசதி அது. ஆனாலும் 16.5 கைக்கு என் தெரிவு ஸ்பிரிட் 37.

பலன்ஸ் சில்லு
வெள்ளி பின்னேரம் 6 மணிக்குக் கழற்றி திங்கள் காலை 7க்குக் கட்டினால் 61 மணித்தியாலம். கழற்றி வைத்தபின் பிஆர்எக்ஸ் 80 மணித்தியாலம் ஓடும், ஸ்பிரிட் 72, ரேஞ்சர் 70, மூன்றும் தாங்கும். பழைய ஈடிஏ 2824 மூவ்மென்ட் என்றால் 38இல் நின்றிருக்கும். ஆனால் இதெல்லாம் முழுதாக முறுக்கேறிய கணக்கு. மேசை வேலைக்காரர் கையில் முழு முறுக்கு ஏறாமல் இருக்கலாம், கழற்றும்போது கிறவுனை 20, 30 சுற்று சுற்றிவிடுங்கள்.

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். பவர்மாட்டிக் அந்த 2824இலிருந்து வந்ததுதான், அதிர்வை மணிக்கு 28,800இலிருந்து 21,600ஆகக் குறைத்து ஓடும் நேரத்தைக் கூட்டினார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழமையான ரெகுலேட்டர் நெம்பு இல்லாததால் தெருமுனைத் திருத்துநர் அதைச் சரிசெய்வது கடினம். ஸ்பிரிட்டும் ரேஞ்சரும் கொஸ்க் (சுவிஸ் நேரத்துல்லியச் சோதனை நிறுவனம்) சான்று பெற்றவை, நாளுக்கு -4 முதல் +6 செக்கன். இரண்டிலும் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள் (ஹெயர்ஸ்பிரிங்) சிலிக்கனில், அதில் காந்தம் பிடிக்காது. பிஆர்எக்ஸின் நிவக்ரொன் என்ற கலப்புலோக ஸ்பிரிங்கும் காந்தத்தை நன்றாகத் தாங்கும், இதில் டிசோவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நிமிடமுள் அண்ணா சொன்ன கழுவலுக்கு ஒரு நிபந்தனை: தண்ணீர் புகுமா என்று வருடம் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்வித்தால் மட்டுமே. திகதியை இரவு 9க்கும் அதிகாலை 3க்கும் இடையில் மாற்றாதீர்கள், பற்சில்லு உடையலாம். ரேஞ்சரில் திகதியே இல்லை, அது வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி
நன்றி. ஸ்பிரிட் பக்கம் சாயுறன். பாவிச்சது ஒண்டு வந்தால் என்ன பாக்கிறது?

பலன்ஸ் சில்லு
டைம்கிராஃபரில் (டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள், அதில் கொடுக்கும் லிஃப்ட் அங்கிள் என்ற கோண எண் அந்த மூவ்மென்டுக்குரியதாக இருக்கவேண்டும், பிழையென்றால் அம்ப்ளிடியூட்டும் (பலன்ஸ் சில்லு ஆடும் அளவு) பொய் சொல்லும். முழு முறுக்கில், முகம் மேலே பார்க்க அம்ப்ளிடியூட் 270 பாகைக்கு மேல் நல்லது. 220க்குக் கீழே என்றால் சேர்விஸ் செலவை விலையில் கழியுங்கள். கிறவுன் கீழே பார்க்கவும் ஒரு அளவு எடுங்கள், இரண்டு நிலைக்கும் வேகத்தில் நாளுக்கு 15 செக்கன் வித்தியாசம் வந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

நிமிடமுள்
உத்தரவாத அட்டையில திகதியும் கடை முத்திரையும் இருக்கோ எண்டு பாருங்கோ தம்பி. சேர்விஸ் கொழும்பிலயே நடக்குமோ, வெளிநாட்டுக்கு அனுப்புவினமோ எண்டதைக் காசு குடுக்க முதல் கேளுங்கோ.