புதிய தகவல்: பார்லர் லைசென்ஸ் விஷயம்

பியூட்டிஷியன் லைசென்ஸ் கையில் இருந்தால் பார்லர் திறக்க அதுவே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். எங்கள் ஊரில் போதாதாம். வேலை செய்பவருக்கு ஒரு லைசென்ஸ், கடைக்குத் தனியாக ஒன்று. கடை இடம் மாறினால் இரண்டாவதை மறுபடி எடுக்கணும்.

கடையை ஆய்வு செய்ய வந்த அதிகாரி சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. மீதி நேரமெல்லாம் கத்தரி, சீப்பு, நகவெட்டிதான். கிருமிநாசினியில் போடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுகிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். அழுக்கு ஒட்டியிருந்தால் மருந்து உள்ளே எட்டாது, நியாயம்தான். லேபிளில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஊறணும், சும்மா முக்கி எடுத்தால் பிரயோஜனமில்லை. அட்டை நெயில் ஃபைல் ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பைதான்.

பார்லரில் ஒரு நாற்காலியை வேறொரு பியூட்டிஷியனுக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்த அக்காவுக்கு: உங்கள் ஊர் விதி அனுமதித்தால் விடலாம், ஆனால் வருபவரின் லைசென்ஸ் நகலை முதலிலேயே வாங்கி வையுங்கள்.