214 கோடியில் முட்டப்போகும் டேபிள், யாராவது கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே, சேலத்திலிருந்து எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் விற்பனைத் தளத்தின் மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்தில், ஆர்டர் டேபிளின் ஐடியை அந்தக் காலத்தில் வெறும் இன்ட் (சின்ன முழு எண் வகை) என்று வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, நான்தான். அதன் உச்சமான 2147483647-ஐத் தொட்டால் அடுத்த வரிசை ஏறாது. இப்போதே 198 கோடி ஆகிவிட்டது.

பெரிய எண் வகையான பிக்இன்ட்டாக மாற்ற நேரடியாக ஆல்டர் கட்டளை கொடுத்தால் டேபிள் முழுவதையும் நகலெடுக்கும், முடியும்வரை எதுவும் எழுத முடியாது. டெஸ்ட் சர்வரில் ஓடவிட்டு ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி வந்தேன், பாதிகூட ஆகவில்லை! எழுதுவதை நிறுத்தாமல் டேபிளை மாற்றும் ஜிஹெச்-ஆஸ்ட் கருவி, ஃபாரின் கீ (டேபிள்களை இணைக்கும் கட்டு) இருந்தால் ஒத்துக்கொள்ளாது, எங்களிடமோ அப்படி இணைந்த ஆறு சைல்டு டேபிள்கள். பெர்கோனா நிறுவனத்தின் இதேபோன்ற கருவி ட்ரிக்கரை (ஒவ்வொரு எழுத்துக்கும் தானாக ஓடும் நிரல்) வைத்து ஓடுவது, மாலை நெரிசலில் தாங்குமா என்று பயம்.

சரி, ரெப்ளிகாவில் (நகல் சர்வர்) முதலில் மாற்றி, அது பிரைமரியை (முதன்மை சர்வர்) எட்டிப் பிடித்ததும் அதையே பிரைமரி ஆக்கலாம் என்று யோசனை. இரு பக்கமும் எண் வகை வேறாக இருந்தாலும் ஏற்கவைக்க ரெப்ளிகா டைப் கன்வர்ஷன்ஸ் அமைப்பை மாற்ற வேண்டும் என்பது வரை தெரியும். இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஃபாரின் கீயை முதலிலேயே கழற்றிவிட்டீர்களா? மாற்றும்போது தளம் எத்தனை நிமிடம் நின்றது? அப்புறம், ஏதாவது சொதப்பினால் பழைய பிரைமரிக்குத் திரும்ப என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள்?