டாலர்ல வரவு, யூரோல செலவு, ஃப்ளோட்டிங் (வட்டி மாறுற) லோன்: எதை முதல்ல ஹெட்ஜ் பண்றது (ரிஸ்க்கைக் குறைக்கிறது)?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். கம்பெனில ஃபைனான்ஸ் பாக்குறேன். எக்ஸ்போர்ட் பணம் டாலர்ல வருது, மூலப்பொருள் யூரோல வாங்குறோம், மெஷினுக்கு எடுத்த அஞ்சு வருஷ டாலர் லோன் ஸோஃபர் (SOFR, டாலர் கடனுக்கான மாறுற அடிப்படை வட்டி) ப்ளஸ் பேங்க் மார்ஜின்ல ஓடுது. வர்ற டாலர் மொத்தத்தையும் ஒரு வருஷத்துக்கு ஃபார்வர்ட்ல (பின்னாடி மாத்தப் போற டாலருக்கு இன்னைக்கே ரேட் பேசி வைக்கிறது) வித்துடுங்கன்னு பேங்க்ல சொல்றாங்க. இன்னைக்கு ஒரு டாலர் நம்ம கரன்சில 100னா, ஒரு வருஷம் கழிச்சு கொடுக்குற டாலருக்கு 102.88 தர்றாங்களாம். அப்ப டாலர் ஏறும்னு அவங்களே நினைக்கிறாங்கன்னு தானே அர்த்தம்?

பதில் 1:
இல்லைங்க, அது கணிப்பே கிடையாது, வெறும் வட்டி வித்தியாசம். உங்க கரன்சில வட்டி 7%, டாலர்ல 4%னு வைங்க, 100ஐ 1.07ஆல பெருக்கி 1.04ஆல வகுத்தா அதே 102.88 வந்துடும். டாலர் எங்க போகும்னு அதுல ஒண்ணுமே இல்ல.
மொத்தத்தையும் விக்காதீங்க ப்ளீஸ். மாசாமாசம் எவ்வளவு டாலர் வருது, அதுல லோன் தவணைக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு ஷீட் போடுங்க, தவணை டாலர்லயே கட்டுறதால அந்த அளவுக்கு ரிஸ்க் தானாவே கழிஞ்சுடுது, அதையும் வித்தா அப்புறம் தவணை கட்ட நீங்களே டாலர் வாங்க வேண்டி வரும். யூரோ பில்லுக்கும் டாலரை நேரா யூரோவா மாத்துங்க, நடுவுல உள்ளூர் கரன்சிக்கு வந்து போனா ரெண்டு தடவ ஸ்ப்ரெட் (பேங்க் வாங்குற ரேட்டுக்கும் விக்கிற ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம்) போகும். மிச்சம் நிக்கிறதுதான் உங்க எக்ஸ்போஷர், அதாவது உண்மையிலேயே ரிஸ்க்ல இருக்குற தொகை.

பதில் 2:
மேல சொன்னது ரொம்ப சரி. அந்த மிச்சத்துலயும் கன்ஃபர்ம் ஆன ஆர்டருக்கு மட்டும் ஃபார்வர்ட் போடுங்க. ஆர்டர் கேன்சல் ஆனாலும் ஃபார்வர்ட் கேன்சல் ஆகாது, டாலர் ஏறியிருந்தா நஷ்டத்துல தான் முடிக்கணும். வருமா வராதான்னு தெரியாத ஆர்டருக்கு ஆப்ஷன் (பேசின ரேட்ல விக்கிற உரிமை, கட்டாயம் இல்ல) பாருங்க, அதுக்கு முன்கூட்டியே கட்டுற ப்ரீமியம் போகும், ஆனா நஷ்டம் அதோட நின்னுடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இப்ப தெளிவாச்சு. லோன் வட்டிக்கு என்ன பண்றது?

பதில் 3:
2022 மார்ச்ல 0-0.25%ல இருந்த ஃபெட் ரேட் (அமெரிக்க மத்திய வங்கியோட வட்டி) 2023 ஜூலைல 5.25-5.50% ஆச்சு, ஸோஃபரும் கூடவே ஏறுச்சு. அந்த மாதிரி ஏத்தம் இன்னொரு தடவ வந்தா உங்க லாபம் தாங்குமான்னு முதல்ல போட்டுப் பாருங்க, தாங்காதுன்னா பாதி லோனையாவது ஸ்வாப் (மாறுற வட்டியைக் கொடுத்து நிலையான வட்டியா மாத்திக்கிற ஒப்பந்தம்) போட்டு ஃபிக்ஸட் ஆக்குங்க. தவணை கட்டக் கட்ட ஸ்வாப் தொகையும் குறையணும், வட்டி தேதி ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். லோன் அக்ரிமென்ட்ல ஸீரோ ஃப்ளோர் (ஸோஃபர் பூஜ்யத்துக்குக் கீழ போனாலும் பூஜ்யமாவே கணக்கு வைக்கிறது) இருந்தா ஸ்வாப்லயும் கேட்டு வாங்குங்க. லோனை முன்னாடியே அடைக்கிற ஐடியா இருந்தா ஸ்வாப் வேணாம், கேப் (ப்ரீமியம் கட்டி வட்டிக்கு ஒரு உச்சவரம்பு வாங்குறது) வாங்குங்க, ஏன்னா லோன் முடிஞ்சாலும் ஸ்வாப் தானா முடியாது, ரேட் இறங்கியிருந்தா அதை உடைக்கிற காசும் உங்க தலையில தான் விழும்.