விந்தணு பூச்சியம் என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். பிள்ளை இல்லை என்று மாமாங்கத்துக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் நேர்த்தி வைத்து விரதம் பிடித்தது மனைவிதான், மாத்திரை குடித்ததும் ஸ்கேன் எடுத்ததும் அவதான். என்னை ஒரு விந்துப் பரிசோதனை செய்யும்படி வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் செய்தபோது விந்தணு பூச்சியம். மறுபடி கொடுத்து, அதை இயந்திரத்தில் சுழற்றி அடியில் படிந்த மண்டியையும் பார்த்தார்கள், அதே முடிவு.

அந்த ரிப்போர்ட்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இதில் இரண்டு வகை உண்டு. விதைக்குள் அணு நன்றாக உருவாகிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பது ஒன்று. அக்கரைப்பற்றில் இருக்கும் என் மச்சானுக்கு அப்படித்தான், சின்ன வயதில் செய்த குடலிறக்க ஒபரேஷனில் குழாய் பாதிக்கப்பட்டிருந்தது. அவருக்கு பெசா செய்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, விதையின் பின்பக்கத்தில் சுருண்டிருக்கும் குழாயிலிருந்து மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்கு மற்ற வகை. உற்பத்தியே மிகக் குறைவு, அணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஓமோனின் அளவு அதிகம், விதையும் சிறிது. ஓரிடத்தில் இரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுக்காமலே "ஊசி குத்திப் பார்ப்போம்" என்றார்கள், எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை, எழும்பி வந்துவிட்டேன். இந்த வகையில் அணு இருந்தாலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குத்தும் ஊசிக்கு அது அகப்படுவது அதிர்ஷ்டம். 1990களின் கடைசியில் வந்த மைக்ரோ டெசேயில் முழு மயக்கம் கொடுத்து, விதையைத் திறந்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே கொஞ்சம் தடித்து வெண்மையாகத் தெரியும் நுண்குழாய்களை மட்டும் தேடி எடுக்கிறார்கள். சில மணிநேரம் பிடிக்கும். அப்படித் தேடியும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, இதை மனைவியும் நானும் முதலே பேசி மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் கொழும்புக்கு ராக் கோச்சி ஏறினோம்.

கத்தி வைக்க முதல் மரபணுச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். ஆண்களுக்குரிய வை நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) அணு உருவாகத் தேவையான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லாவிட்டால் திறந்தும் பயனில்லை, அந்தக் காசும் நோவும் மிச்சம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்டர்காரருக்கும் பல பேருக்குக் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறைக்கு ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும், 1992இல் அந்த முறையில் குழந்தை பிறந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழியே திறந்தது. வீக்கம் வற்றும் வரை இறுக்கமான உள்ளாடை போட்டேன், மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. சில மாதம் கழித்து டெஸ்டோஸ்டிரோன் அளவும் பார்க்க வேண்டும், அது இறங்கக்கூடும்.

இன்னொன்று தம்பிமாரே, ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி அணு உற்பத்தியையே நிறுத்தும். போடுகிறவர்கள் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதை நிறுத்தினால் பெரும்பாலும் மாதக்கணக்கில் திரும்பி வரும், ஒபரேஷனே தேவைப்படாமல் போகலாம். எடுக்கும் நாளில் அணுவை உறைய வைத்துச் சேமிக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்றும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையதில் மிச்சம் அப்படித்தான் இருக்கிறது, முதல் தடவை கரு தங்காதபோது திரும்ப என்னை வெட்ட வேண்டி வரவில்லை.