அப்பாவின் வீடியோ கன்சல்டேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. ப்ராஸ்டேட் பெரிதாகி, சிறுநீர் தடையில்லாமல் போக இரண்டு வருடமாக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த வாரம் யூராலஜிஸ்ட்டை (சிறுநீர்ப்பாதை டாக்டர்) முதல்முறையாக வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

போன தடவை போனில் பேசியபோது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர்! மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த அப்பாதான் வாயைத் திறப்பார்?

அதனால் இந்த முறை மூன்று நாளுக்குச் சிறுநீர்க் குறிப்பு எழுத வைத்திருக்கிறேன். பாத்ரூமில் ஓர் அளவுக் குவளை, பக்கத்தில் நோட்டு. "இரவு 2.10, 120 மில்லி" என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ப்ராஸ்டேட் தொந்தரவுக்கு மதிப்பெண் போடும் ஐபிஎஸ்எஸ் கேள்வித்தாளின் ஏழு கேள்விகளுக்கும் பதில் எழுதினார், 35க்கு 19 (கூடக் கூடத் தொந்தரவு அதிகம்). பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தயார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்பதால், உட்கார்ந்தும் நின்றும் பிபி பார்த்து எழுதியிருக்கிறேன்.

என் சந்தேகம் இதுதான். ஆசனவாய் வழியாக ப்ராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையும், சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோவும் வீடியோவில் நடக்காது. உங்களுக்கு அதற்கென்று தனியாக நேரில் வரச் சொன்னார்களா, அல்லது ரிப்போர்ட்டை வைத்தே மருந்தை மாற்றினார்களா? அப்புறம், நான் அறையை விட்டு வெளியே போய்விட்டால் அவர் மனம்விட்டுப் பேசுவாரா?

சிறுநீரில் ரத்தம், குளிர்காய்ச்சல், சுத்தமாக அடைத்துக்கொள்வது என்றால் நேரே எமர்ஜென்சிக்குத்தான், தெரியும். இப்போது அப்படி எதுவும் இல்லை.